பெங்களூர் ஜோஷ்வா

பாறசாலை யோசுவா விமானத்தில் ஏறிவிட்டால் பெங்களூர் ஜோஷ்வா ஆகிவிடுவான். பயணிகளுக்குச் சாப்பாடும் போர்வையும் கொடுக்கிற வேலை. அது ஐம்பத்து நான்காம் வருடம். மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் பக்கத்தைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி கூட்டம், தடியடி, ஜெயில் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. தன்னையும் கலகக்காரன் என்று நினைத்து வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், பெங்களூர்க்காரன், தமிழே தெரியாது என்று சொல்லி வைத்திருந்தான். பெரிய புத்திசாலி!

அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ போகும் விமானத்தில் பெருங்கடவிளை ஆனந்தபாய் ஏறினாள். மிஷன் துரையம்மாவின் குழந்தைக்கு ஆயா. துரையம்மா முன்வரிசையில் உட்கார, இவள் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்தாள். யோசுவாவின் அம்மாவுக்குப் பழக்கமானவள். அவன் "குட் ஈவினிங், மேடம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அடையாளம் தெரியவில்லை என்று அவனுக்கு நிம்மதி.

கடலுக்கு மேலே, விமானத்துக்குள் காற்றழுத்தத்தைக் காக்கும் இயந்திரம் பழுதானது. எல்லாருக்கும் காது அடைத்து மூச்சு முட்டியது. கேப்டன் விமானத்தை வேகமாக இறக்கத் தொடங்கினார். தாழ்ந்த உயரத்துக்கு வரும்வரை ஆக்ஸிஜன் வேண்டும். யோசுவா முகமூடி மாட்டிக்கொண்டு, சிறு சிலிண்டர்களைக் கொடுத்துக்கொண்டே போனான். குமிழைத் திருகு, முதலில் நீ மாட்டு, பிறகு குழந்தைக்கு என்று ஆனந்தபாயிடமும் இங்கிலீஷில்தான் சொன்னான். அவள் தலையாட்டினாள். பால், குளியல், தூக்கம் தவிர அவளுக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்? அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

திரும்பி வந்தபோது முகமூடி குழந்தையின் முகத்தில் இருந்தது. குமிழ் திறக்கப்படவில்லை. குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனந்தபாய்க்குக் கண் செருகிக்கொண்டிருந்தது.

"மாமி, பிள்ளைய இஞ்ச தாருங்க. இத மூக்குல வச்சு மூச்சு இழுங்க" என்று கத்தினான். குமிழைத் திருகி அவளுக்கு வைத்தான். தன் முகமூடியைக் கழற்றிக் குழந்தைக்குப் பிடித்தான்.

விமானம் தாழ்ந்ததும் குழந்தை வீறிட்டு அழுதது. ஏன் தன்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்று அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"ஏறும்போதே அறிஞ்சேன், மக்கா. நீ நேசையனுக்க மகனாக்கும். தமிழ் அறியாத்தவன் மாதிரி நடந்த. நான் தமிழ்ல கேட்டு உனக்கு நாணக்கேடு ஆவண்டாம்னு மிண்டாம இருந்தேன்."

 அவன் பொய்யைக் காப்பாற்ற அவள் உயிரையே விட்டிருப்பாள்.

அதற்குள் கேப்டன் வந்துவிட்டார். ஆயாவின் பாஷையில் பேசிக் குழந்தையைக் காப்பாற்றியதாகத் துரையம்மா அவரிடம் சொல்லியிருந்தாள். அது என்ன லாங்குவேஜ், உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். லாங்குவேஜ் என்ற அந்த ஒரு சொல் ஆனந்தபாய்க்கும் தெரியும். அந்த வருடம் எங்கள் ஊரில் அது தெரியாதவர்கள் இல்லை. யோசுவா வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஐ டீச்சிங், சார். நவ் ஒன்லி."

ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். கேப்டன் சிரித்து, கெட்டிக்காரன் என்று அவன் தோளில் தட்டினார். யோசுவா தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு நன்றி சொன்னான், இங்கிலீஷிலேயே.