அம்பு இல்லாத பாவை

மருத்துவ அகராதி தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஒரு சொல்லை எந்த மொழி எந்த மொழியிடமிருந்து வாங்கியது என்று அம்புக்குறி போட்டுக் காட்டவேண்டும். அம்பு இல்லாத பதிவு அச்சுக்குப் போகாது.

வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான பெண்ணுக்கு முதன்முதலில் தனியாகக் கிடைத்த சொல், பாவை. கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம். எழுதிக் கொடுத்தது இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. இன்று மாலையும் திரும்பினால் கண் பகுதி முழுவதும் வேறு ஆள் கைக்குப் போய்விடும் என்று பதிப்பாசிரியர் சொல்லியிருந்தார்.

அவளுக்குத் தலை சுற்றியது. தமிழில் பாவை என்றால் பொம்மை, பெண்ணும்தான். லத்தீனிலும் அந்த வட்டத்தின் பெயருக்குச் சின்னப் பொம்மை என்றே பொருள். கிரேக்கத்தில் பெண், சமஸ்கிருதத்தில் சிறுமி. சரி, யாரோ யாரிடமோ வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால், எபிரேயத்திலும் பாரசீகத்திலும் அது குட்டி மனிதன். அம்பை எங்கே தொடங்குவது? நாலு தாள் கசங்கியது. ஐந்தாவதில் அம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

பக்கம் வடிவமைக்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, சிலந்தி குடும்பம் நடத்துதா?"

"அக்கா, கண்ணுக்குள்ள எதுக்கு பொம்மை?"

"என்கிட்ட கேட்டா? இந்தா, நீயே பாத்துக்கோ." அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "கிட்ட வா, கடிச்சிட மாட்டேன்."

யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பழக்கமில்லாதவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கறுப்புக்குள் ஒரு பொம்மை இருந்தது. மிளகை விடச் சின்னது. கண்ணாடி போட்டிருந்தது. அவளேதான்.

"உங்களுக்கு என்னக்கா தெரியுது?"

"உன் கண்ணாடியில டியூப்லைட். ஒண்ணுக்கு ரெண்டா!"

பார்க்கிறவரே உள்ளே தெரிகிறார் என்றால், யாரும் யாரிடமும் வாங்கவேண்டியதே இல்லை. அப்படியானால் கிரேக்கத்தில் ஆண்கள் யாரும் பார்க்கவே இல்லையா? மறுபடியும் குழம்பியது. அம்புகளை அழித்துவிட்டு எழுதினாள்: 'கண்ணுக்குள் தெரியும் சிறு உருவத்தால் வந்த பெயராக இருக்கலாம். யார் யாரிடம் பெற்றனர் என்பது தெரியவில்லை.'

பதிப்பாசிரியர் இரண்டு தரம் படித்தார். "அம்பு எங்கம்மா? மறந்துட்டியா?"

"இல்ல சார். போட்டா பொய்யாயிடும்."

அவர் பேனாவை மூடினார். "முப்பது வருஷமா போடறேன். பாதிக்கு மேல எனக்கே சந்தேகம்தான்." கண் பகுதியின் கோப்பை அவள் பக்கம் தள்ளினார். "மிச்சத்தையும் நீயே பாரு. எல்லாத்துக்கும் தெரியலன்னு எழுதினே, தொலைச்சிடுவேன்."

பாராட்டினாரா, திட்டினாரா? கோப்பை அணைத்துக்கொண்டு வெளியே வந்தவளுக்கு எதுவும் பிடிபடவில்லை.