கண்ணாடிக் கூரைக் குளம்

துரையம்மாவுக்கு வெயில் ஆகாதாம், காத்து ஆகாதாம், கடல் உப்பும் ஆகாதாம். அதுக்காக எங்க தீவுல, சேன் பியேர் ஊர்ல இருக்கிற தன்னோட பெரிய வீட்டுக்குள்ளயே துரை ஒரு குளம் கட்டினாரு. மேல கண்ணாடிக் கூரை, அடியில நீலக் கண்ணாடித் துண்டால மீனும் பூவும், நாலு மூலையிலும் தண்ணி பீய்ச்சுற ஊற்று. நாங்க மழையில நனைஞ்சுக்கிட்டே கரும்பு வெட்டுற ஊர்ல இப்படி ஒரு கூத்து!

அந்தக் கண்ணாடித் துண்டுகளை ஒட்ட, அரிசியில கல் பொறுக்கிப் பழகின விரல் வேணும்னு பொம்பளைங்களா பார்த்துக் கூப்பிட்டாங்க, நானும் போனேன். என் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குன்னு இருந்தது துண்டுக் கரும்பு நிலமும் ஒரு ஆடும்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பேச ஆள் கிடையாது. ஆட்டுகிட்டயே சண்டை போடுவேன். அதுவும் மூஞ்சியைத் திருப்பிக்கும்.

வேலை சொல்லிக்கொடுத்தவன் கிளெமான், பொர் லூயி பட்டணத்துலேர்ந்து வந்த கொத்தன். மாதா கோயிலுக்குப் போற ஆளு. தாத்தா பேரு வேலாயுதமாம், ஆனா பேரனுக்குத் தெரிஞ்ச தமிழ் ஒரு கைப்பிடி. மிச்சமெல்லாம் இந்தத் தீவுப் பாஷை, கிரியோல்தான். சின்னவங்க பெரியவங்க பார்க்காம எல்லாரையும் 'நீ'ன்னு கூப்பிடுவான்.

தடிக் காகிதத்துல படம் போட்டிருக்கும். அதுமேல துண்டுகளை மாவுப் பசை தடவிக் குப்புற ஒட்டணும். அதை அப்படியே சிமெண்ட்ல அழுத்தி, இறுகினதும் காகிதத்தை நனைச்சு உரிச்சாத்தான் படம் தெரியும். நான் ஒட்டின முதல் மீன் இடப்பக்கம் பார்த்துச்சு. உரிச்சா வலப்பக்கம் பார்க்குது! "ஐயையோ, என் மீனை எவன் திருப்பினான்?"னு நான் கத்த, கிளெமான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். அன்னிக்குப் பூரா அவன்கிட்ட நான் பேசல.

சாயங்காலம் சமாதானம் பண்றதா நினைச்சு, "பாக்கியம், போறேன்"னான்.

எனக்கு வந்துச்சு பாரு கோபம். "வாயைக் கழுவுய்யா! போறேன்னு சொல்லக் கூடாது. திரும்பி வராதவங்கதான் அப்படிப் போவாங்க. போயிட்டு வரேன்னு சொல்லு."

"வரலேன்னா?"

"வரலேன்னா வாயையே திறக்காதே."

மறுநாள்லேர்ந்து சாயங்காலமானா கதவுகிட்ட நின்னு, "போய்ட்டு வர்ரேன், பாக்கியம்"னு தொண்டையில உருட்டிச் சொல்லிட்டுத்தான் கிளம்புவான். அந்த 'வர்ரேன்' காதுல இருக்கும்போதே நான் வீடு போய்ச் சேர்ந்துடுவேன். ஆட்டுகூடச் சண்டை குறைஞ்சுபோச்சு. காலையில சோறு கட்டும்போது கை தானா அவனுக்கும் சேர்த்துக் கட்டும். எனக்கு அவன் மேல ஆசை. ஆமா, ஆசைதான். தாலியறுத்தவளுக்கு என்ன ஆசைன்னு கேக்குறவங்க என் வீட்டுல நாலு நாள் தனியா இருந்து பார்க்கட்டும்.

குளம் முடியப்போற சமயத்துல மடகாஸ்கருக்குக் கொத்தன் வேலைக்கு ஆள் எடுத்தாங்க. கிளெமான் பேர் கொடுத்துட்டான். அவன் அண்ணன் ஏற்கெனவே அங்கதான் இருக்கான்.

"எப்பத் திரும்புவே?"னு கேட்டேன்.

நகத்துல இருந்த சிமெண்டைச் சுரண்டிக்கிட்டே, "அண்ணன் எனக்கும் நிலம் பார்த்து வச்சிருக்கான்"னான்.

நிலத்தைப் பத்தி யாரு கேட்டா? ஆனா வரமாட்டேன்னு அவன் சொல்லலையே. கடைசி நாள் கதவுகிட்ட நின்னு அந்த ஒரு 'வர்ரேன்' சொன்னாப் போதும், எத்தனை வருஷமானாலும் அதை வச்சு ஓட்டிடுவேன்னு இருந்தேன். கேக்கக் கூச்சமா இருந்துச்சு, கேக்கல.

குளத்துல தண்ணி விட்ட அன்னிக்கு நாலு ஊற்றும் ஒண்ணா சீறிச்சு. துரையம்மா கை தட்டினாங்க. என் மீன் தண்ணிக்கடியில நெளிஞ்சுது. எல்லாரும் அதைப் பார்க்க, நான் கதவையே பார்த்துக்கிட்டு நின்னேன். கிளெமான் சிமெண்ட் பூசுற கரணையைத் துணியில சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். என் முன்னால நின்னான். வாயைத் திறந்தான், மூடினான்.

"பாக்கியம்," அப்புறம் மெதுவா, "போறேன்."

என்கூடத் துண்டு ஒட்டின பொண்ணு ஒதில், பின்னால நின்னு கெக்கெக்கேன்னு சிரிச்சா. "அட மக்கு! இத்தனை நாள் கத்துக்கிட்டதை அதுக்குள்ள மறந்துட்டியே!"

அவன் சிரிக்கல. நானும் திட்டல. அவன் மறக்கலைன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததை அவன் சரியாத்தான் கத்துக்கிட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சோத்துப் பாத்திரத்தைத் திறந்தேன். ரெண்டு பேருக்குக் கட்டினது அப்படியே இருந்துச்சு. பொய்யாவாவது சொல்லியிருக்கலாம், படுபாவி.