பாதி போய்ச் சேர்ந்த திருத்தம்

மரக்காணத்து உப்பளத்தில் மோட்டார் ஓடும்போது யாரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். உப்புத் தண்ணீரில் கரண்ட் கசிந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மோட்டார் நிற்கும் வரை பெண்கள் வரப்பில் குந்தி வெற்றிலை போடுவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். அளத்துச் சொந்தக்காரர் நடராசனுக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். அந்த வழக்கத்தை ஒழித்துக் கட்டியவள் பூவிழி.

அவளும் அந்த ஊர்ப் பெண்தான். அக்கா செந்தமிழ் அந்த அளத்தில்தான் உப்பு வாருகிறாள். அக்கா புருஷன் அர்ச்சுனன் அங்கே மோட்டார் பார்க்கிறான். இருவரும் வெயிலில் வெந்து படிக்கவைத்த பூவிழி, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறாள். என்ன வேலை என்றால், கெர்னல். கையில் இருக்கிற போன் முதல் மோட்டார் கொட்டகைப் பெட்டி வரை எத்தனையோ கருவிகளுக்கு அடியில் ஓடுகிற நிரல் அது. உலகமெங்கும் உள்ளவர்கள் கூடி எழுதுகிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அப்படி எடுத்துத்தான் ஒரு கம்பெனி, கரண்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் மோட்டாரை வெட்டிவிடுகிற பெட்டி செய்திருந்தது. அதில் பூவிழி எழுதிய வரிகளும் இருந்தன.

நடராசனிடம் சொல்லி அந்தப் பெட்டியை வாங்கவைத்தவளே அவள்தான். பெண்களைக் கூட்டி நிறுத்தி, "இனிமே பயப்படாதீங்க, கசிஞ்சா இது வெட்டிடும். நான் கேரண்டி" என்றாள். தங்கச்சி சொல்லிவிட்டாளே என்று முதலில் இறங்கியவள் செந்தமிழ். அப்புறம் எல்லாரும் இறங்கினார்கள். மோட்டார் ஓடும்போது வரப்பில் உட்காரக் கூடாது என்று நடராசன் சட்டமே போட்டுவிட்டார்.

அந்தப் பெட்டிக்குள் கசிவை அளக்கிறது ஒரு நிரல், அந்த அளவைப் பார்த்து மோட்டாரை வெட்டுகிறது இன்னொரு நிரல். கெர்னலில் இரண்டும் வேறு வேறு பிரிவைச் சேர்ந்தவை. ஆபத்தான கசிவு வந்தால் அளக்கிறது முப்பதாயிரம் என்று சொல்லும், வெட்டுகிறது அந்த முப்பதாயிரத்துக்காகக் காத்திருக்கும். மற்ற கருவிகள் எல்லாம் சின்ன எண்ணில் பேசும்போது இது மட்டும் ஏன் ஆயிரக்கணக்கில் பேச வேண்டும் என்று பூவிழி இரண்டையும் திருத்தி எழுதினாள். இனி அளக்கிறது முப்பது என்று சொல்லும், வெட்டுகிறது முப்பதிலேயே வெட்டும். இரண்டு திருத்தமும் கைகோத்துப் போக வேண்டும். முதலாவது மட்டும் போய்ச் சேர்ந்தால் அளக்கிறது முப்பது முப்பது என்று அலறும், வெட்டுகிறது முப்பதாயிரம் வரட்டும் என்று காதில் போட்டுக்கொள்ளாமல் கிடக்கும்.

கெர்னலில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மெயின்டெய்னர் உண்டு. அந்தப் பிரிவுக்கு அவர்தான் நாட்டாமை, அவர் சேர்த்தால்தான் எதுவும் சேரும். இரண்டு பிரிவைத் தொடுகிற வேலை என்றால் ஒருவர் சம்மதம் சொல்லி ஒதுங்குவார், மற்றவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். யார் எடுப்பது என்று அனுப்புகிறவர் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. பூவிழி தன் மெயிலில் இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும் என்று எழுதினாள். யார் வழியாக என்று எழுதவில்லை. அவ்வளவு பெரிய ஆட்களுக்கு நாம் போய் வேலை சொல்வதா என்ற கூச்சம்.

வெட்டுகிற பிரிவின் மெயின்டெய்னர் "எனக்குச் சம்மதம்" என்று ஒரு வரி எழுதினார். மொத்தத்தையும் மற்றவர் எடுத்துக்கொள்வார் என்று அவர் நினைப்பு. அளக்கிற பிரிவுக்காரர் அதைப் பார்த்தார். சம்மதம் சொன்னவர் தன் வேலையைத் தானே எடுத்துக்கொள்வார் போல என்று தன் பாதியை மட்டும் சேர்த்துவிட்டு, பூவிழிக்கு நன்றியும் சொன்னார். ஆளுக்கொரு கண்டத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிடாமல் எவ்வளவு நாகரிகம்!

பாதிதான் சேர்ந்தது என்று பூவிழிக்கு அன்றே தெரிந்துவிட்டது. மற்ற பாதி என்ன ஆயிற்று என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். போன வருஷம் வேறு ஏதோ திருத்தத்துக்கு அவசரப்பட்டு மறுபடி கேட்டபோது, "இரண்டு வாரமாவது பொறுக்கக் கூடாதா?" என்று ஒருவர் உலகமே படிக்கிற இடத்தில் எழுதிவிட்டார். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் இந்தத் தடவை மரியாதையாகப் பொறுத்திருந்தாள். பெட்டியில் ஓடுவது பழைய பதிப்பு, புதியது அங்கே வர வருஷமாகும், அதற்குள் மற்ற பாதியும் போய்விடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதல் பாதி சேர்ந்த அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் நெத்திலிக் குழம்பு.

"என்ன பூவு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றான் அர்ச்சுனன்.

"ஒண்ணுமில்ல மாமா. ஆபீஸ் டென்ஷன்."

"டென்ஷன்லாம் எதுக்கு? உன் பெட்டிய பார்க்க அடுத்த அளத்துல இருந்துலாம் வர்றாங்க. மச்சினிச்சி பண்ணதுன்னு சொல்லிட்டேன்."

கொஞ்ச நாள் மோட்டார் ஓடும்போது இறங்காதீங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கேரண்டி கொடுத்த வாயால் அதை எப்படிச் சொல்வது? நடராசன் சிரிப்பார், பெண்கள் சிரிப்பார்கள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துக்கா என்று தட்டை நீட்டினாள்.

அவள் மறந்துபோனது ஒன்று உண்டு. பழைய பதிப்புகளைப் பராமரிக்கிறவர்கள் என்று தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. புதிதாகச் சேர்கிற சின்னச் சின்னத் திருத்தங்களைப் பொறுக்கி அவர்கள் பழையதிலும் சேர்ப்பார்கள். பூவிழியின் முதல் பாதியும் அப்படிப் போயிற்று. சேர்க்கப்போகிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று அவளுக்கு மெயிலும் வந்தது. இயந்திரம் அனுப்புகிற நூற்றுக்கணக்கான மெயில்களோடு அதுவும் ஒரு மூலையில் படிக்காமல் கிடந்தது. பெட்டிக் கம்பெனி அந்தப் பழைய பதிப்பை எடுத்துத் தன் பெட்டிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டது.

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அர்ச்சுனன் போன் செய்தான்.

"பூவு, பெட்டி தானா ஆஃப் ஆயி ஆன் ஆச்சு. அப்டேட்டுன்னு காட்டுது. நல்லதுதானே?"

"இருங்க மாமா, ஸ்கிரீன்ல என்ன நம்பர் இருக்குது, படிங்க."

படித்தான். பார்த்துச் சொல்கிறேன் என்று அவள் போனை வைத்தாள். அந்தப் பதிப்பைத் திறந்து பார்த்தாள். முதல் பாதி இருந்தது. இரண்டாவதைத் தேடினாள், இல்லை. அவனைத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவைக் கூப்பிட்டாள், அவள் போனும் வரப்பில் சோற்றுப் பையில் கிடந்து அடித்தது. பூவிழி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

வாய்க்காலில் பாசி அடைத்து மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று அர்ச்சுனன் இறங்கியிருந்தான். முன்பெல்லாம் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்குவான். இப்போது எதற்கு அணைப்பது? தண்ணீருக்குள் கிடந்த வயர் எங்கோ தோல் உரிந்திருந்தது.

பூவிழி போய்ச் சேர்ந்தபோது யாரோ மெயினை அணைத்து அவனை வரப்பில் இழுத்துப் போட்டிருந்தார்கள். செந்தமிழ் அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்த பிறகும் அவள் கை நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றே பூவிழி பெட்டிக் கம்பெனிக்குப் போன் செய்து எல்லாப் பெட்டிகளையும் நிறுத்தச் சொன்னாள். பிறகு அந்த இரண்டு மெயின்டெய்னர்களுக்கும் எழுதினாள். யார் எடுக்கிறீர்கள் என்று இப்போது நேராகவே கேட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. மன்னிக்கவும், நீங்கள் எடுப்பீர்கள் என்று நினைத்தேன் என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டு, மற்ற பாதியையும் சேர்த்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான் வேலை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பகலில், செந்தமிழ் தங்கையைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பெட்டி ஏன் வெட்டல பூவு?"

பூவிழி ஒன்றையும் மறைக்கவில்லை. முப்பதையும் முப்பதாயிரத்தையும் சொன்னாள், இரண்டு பேர் ஆளுக்கொன்று நினைத்ததைச் சொன்னாள், தான் பொறுத்திருந்ததைச் சொன்னாள். செந்தமிழ் கேட்டு முடித்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்லக்கா. நேர்ல பார்த்ததுகூட இல்ல."

"ரெண்டு வாரம் பொறுக்காம கேட்டா அவங்களுக்கு மரியாதை இல்ல. சரி, அது உங்க வேலையில இருக்கிற வழக்கம். எனக்கு அதெல்லாம் தெரியாது." குரல் ஏறவே இல்லை. "தண்ணில இறங்காத மாமான்னு இந்த வூட்டுல சொல்றதுக்கு யார்டி உனக்கு உத்தரவு குடுக்கணும்?"

பூவிழி அழுதுகொண்டே அவள் கையைப் பிடிக்கப் போனாள். செந்தமிழ் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "நீ கிளம்பு," என்றாள்.