உதவி தேவையில்லை

செத்துப்போன மனைவியின் விரலைப் பிடித்துக் கைபேசியின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார் எலக்ட்ரீஷியன். திறக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த கொழுந்தியாள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை முறைத்தாள்.

"பெரியப்பா, ரெண்டு ஏழு ரெண்டு ஏழு," என்றாள் சிறுமி.

ஒன்பது வயது. பெற்றவள் உயிரோடுதான் இருக்கிறாள், வளர்க்கிற நிலையில் இல்லை. மூன்று வளர்ப்பு வீடு மாறி, நாலாவதாகக் குழந்தைகள் நல அதிகாரி இங்கே கொண்டுவந்து விட்டு ஒன்றரை வருடமாகிறது. வந்த முதல் வாரமே இவர்களைப் பெரியம்மா, பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த எண்ணுக்குக் கைபேசி திறந்தது. உதவிக் குழுவின் ஆப்பைத் தொட்டார். இப்படிப் பிள்ளை வளர்க்கிற குடும்பத்துக்குத் துணையாக ஆறு பேர் கொண்ட குழு உண்டு. சமையலோ, துணி துவைப்பதோ, பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போவதோ, வேண்டியதை ஆப்பில் போட்டால் யாராவது வந்து செய்வார்கள். ஒன்றும் வேண்டாமென்றால் தினமும் 'உதவி தேவையில்லை' என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். சாவைச் சொல்ல மட்டும் அதில் இடம் வைக்கவில்லை. 'சாப்பாடு' என்பதைத் தொட்டு, அதன் கீழே விஷயத்தை எழுதினார்.

ஒரு மணி நேரத்தில் ஆறு பேரும் ஆளுக்கொரு கேரியரோடு வந்துவிட்டார்கள். சாவுக்கு வருவதில் யாரும் குறை வைக்கவில்லை. சமையல் மேடையில் இடம் போதாமல் வாஷிங் மெஷின் மேலெல்லாம் அடுக்கினார்கள். குழுவை நடத்துகிற மருந்துக்கடைக்காரர் எலக்ட்ரீஷியனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன மாசம் வாயு மாத்திரை வாங்க கடைக்கு வந்தாங்க. முடியலன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா ஓடி வந்திருப்போமே சார். தினமும் 'உதவி தேவையில்லை'ன்னுதான வந்துச்சு?"

எலக்ட்ரீஷியன் கையை விடுவித்துக்கொண்டார். மூன்று வாரத்துக்கு முன் அவள் எழுதத்தான் செய்தாள். நெஞ்சை அழுத்துகிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பிள்ளையை இரண்டு நாள் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எழுதி, அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? இதையெல்லாம் அதிகாரியும் பாக்குறாங்க. நோயாளி வீட்ல பிள்ள எதுக்குன்னு தூக்கிட்டுப் போயிடுவாங்க. பள்ளிக்கூடம் லீவு விடட்டும், போய்க்கலாம்."

எழுதியதை அழித்துவிட்டுப் பச்சைப் பொத்தானையும் அவரே அழுத்தினார். அவளும் சரியென்று தலையாட்டினாள். பிள்ளை போய்விடுமே என்ற பயம் அவளுக்கும் இருந்தது. அதைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். கொன்றது நீதான் என்று மனசு திரும்பத் திரும்பச் சொன்னது.

மூன்று மணிக்குக் குழந்தைகள் நல அதிகாரி வந்தார். தங்கமான பெண்மணி. பிணத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவரை உள்ளறைக்கு அழைத்தார். சிறுமியும் கூடவே வந்து கதவோரம் நின்றாள்.

"சாவு வீட்ல கேக்கக்கூடாதுதான், தப்பா நினைக்காதீங்க. அவங்களுக்கு முன்னாடியே ஏதாவது இருந்துச்சா? மறைச்சிருந்தீங்கன்னா பிள்ளைய நான் இன்னைக்கே அழைச்சிட்டுப் போகணும். அப்படி இல்லன்னா, உங்ககிட்டயே விட முடியுமான்னு மேல பேசிப் பாக்கறேன்."

உண்மையைச் சொன்னால் நெஞ்சுப் பாரம் இறங்கும், பிள்ளையும் போய்விடும்.

"பெரியம்மா நல்லாத்தான் இருந்தாங்க," என்றாள் சிறுமி. "நேத்து சாயங்காலம்கூட என்கூட ஓடி வந்தாங்க. ஒண்ணுமே இல்ல."

நேற்றுச் சாயங்காலம் மாடிப்படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அவள் ஏறி வந்தாள். அவள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் காத்து நின்றவள் இந்தப் பிள்ளை. இப்படிச் சொல் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அப்படித்தானே சார்?" என்றார் அதிகாரி.

"ஆமா," என்றார். "நல்லாத்தான் இருந்தா."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

சிறுமி வாசலுக்குப் போனாள். வந்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. குனிந்து தன்னுடையதை மட்டும் தேடி எடுத்துவந்து, கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டாத சுவரோரமாகக் காலால் தள்ளிவிட்டாள்.