காய்ந்த குழி

காலை எட்டு மணிக்கு வெட்டிய குழியில் பத்தரைக்கெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். என் கடையில் வெள்ளம் இறைக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு நான் மலேசியக் கடலோரத்துப் பாகான் நக்கோடா ஓமார் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் நம்பவில்லை. துணிக்கடையில் வளர்ந்தவன். அக்டோபர் வெயில் கடைக்காரன் சொல்லும் முதல் விலை மாதிரி. அதைக் கேட்டு யாரும் பையைத் திறப்பதில்லை. பதினோரு மணிக்கு மழை. கால்மணி கழித்து வெயில். குடையை மடக்குவதற்குள் மறுபடி தூறல்.

பெட்டிக்குள் இருந்தவள் என் சிநேகிதன் காப்ரியலின் மனைவி ஜெனவீவ். கடலே தெரியாத ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த இருபத்தாறு வருஷமும், இந்த மாதம் பிறந்தால் கடல் அவள் வீட்டுக்குள் வந்துவிடும். கட்டிலிலிருந்து ஒரு கையைத் தரைக்குத் தொங்கவிட்டபடிதான் தூங்குவாள். விரலில் ஈரம் பட்டால் எழுந்து அரிசியைத் தூக்கி மேலே வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியிலும் அந்தக் கை தொங்கியது. நர்ஸ் எடுத்து வைப்பாள். அது இறங்கிவிடும்.

மேட்டில் வீடு வாங்கலாம் என்று காப்ரியல் சொல்லாத வருஷமில்லை. ஒருமுறை கோலா சிலாங்கூரில் ஒன்று விலை படிந்தும் வந்தது. "இன்னும் எறங்குவான், பொறு" என்று யோசனை சொன்ன கெட்டிக்காரன் நான்தான்.

"எறக்குற நேரம் மட்டும் காஞ்சிருந்தா போதும்டா சேது," என்றான் காப்ரியல்.

"காஞ்சிரும்லா. அரைமணி குடு."

பம்ப் வெளியே தள்ளிய தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருந்தேன். உப்பு. மழையென்றால் இறைத்துவிடலாம். இது அடியிலிருந்து ஊறும் கடல். மதியம் ஒரு மணிவரை ஏறும்.

"தவுக்கே, கெணறுன்னு சொல்லி வெட்டியிருந்தா கூலி டபுளா கேட்டிருப்பேன்," என்றார் குழி வெட்டிய அப்பளசாமி, கடை முதலாளியான என் காதோடு. சிரித்துத் தொலைத்தேன்.

காப்ரியல் திரும்பினான். "என்ன சொல்றாரு?"

"மழை விட்டுரும்கிறாரு."

பாதர் கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்டார்கள். "நாளைக்கும் இதே கடல்தான் ஐயா," என்றார் அப்பளசாமி. காப்ரியல் கயிற்றைப் பிடித்தான்.

இறக்கினோம். கயிறு சட்டென்று லேசானது. பெட்டி அடிக்குப் போகவில்லை. மிதந்தது.

"கம்பு வச்சு அமுக்கணும். நாலு பேரு வாங்க," என்றார் அப்பளசாமி.

"அமுக்காதீங்க," என்றான் காப்ரியல். "அவள அமுக்காதீங்க."

நான் பம்பை நிறுத்தினேன். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். அவன் விடவில்லை. மழை நின்று, பெட்டியின் வார்னிஷ் மேல் நல்ல வெயில் அடித்தது. பெட்டி மெல்லத் திரும்பி, குழியின் ஓரத்தில் இடித்து, மறுபடி திரும்பியது. சுற்றிலும் எல்லோரும் கைப்பிடி மண்ணோடு நின்றோம். என் விரலிடுக்கில் அது சேறாகி வழிந்துகொண்டிருந்தது.