லிஃப்ட்காரன் வரைந்த பாலம்

1

இந்தக் கதை ஒரு கண்டத்திலிருந்து பிறந்தது. நிஜக் கண்டம் இல்லை, கம்ப்யூட்டரில் நானே செய்த கண்டம். இல்லாத நாடுகளுக்கு வரைபடம் போடுவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. படங்களைத் திருத்தும் சாஃப்ட்வேர் ஒன்று இருந்தால் போதும், ஒரே மாலையில் மலையும் கடலும் காடுமாக ஓர் உலகம் தயார் என்றார் அதில் பேசிய ஆசாமி. எனக்கோ ஒரு கதை பாதியில் நின்றிருந்தது. அதை எழுதாமல் இருக்க இதைவிட கௌரவமான காரணம் கிடைக்கவில்லை. உட்கார்ந்தேன். மாலை முடிந்தபோது திரையில் இருந்தது, மேஜையில் கொட்டிய டீயை யாரோ அவசரமாகத் துடைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு கறை. நடுவில் ஒரு மலை. அதுவும் தலைகீழாக.

பட்ட அவமானத்தை வீணாக்க மனம் வரவில்லை. எழுதுகிறவர்களுக்கு உள்ள வசதி இது: தனக்கு நடந்ததை இன்னொருவன் தலையில் கட்டிவிடலாம். ஆகவே ஓர் ஆளைத் தேடினேன். அவனைக் கொண்டுவர மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘கண்டத்தின் வடக்கே, பனி மூடிய சிகரங்களுக்கு அப்பால்...’ (வேண்டாம். இப்படித் தொடங்க வேண்டியது இந்தக் கதைக்குள் வரும் நாவல். அதை எழுத வேறொருவர் இருக்கிறார்.)

‘அவன் மௌஸைப் பிடித்தான். மௌஸ் அவனைப் பிடித்தது.’ (ஒரு பொழுது முழுக்க இதை மேதாவித்தனம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.)

‘கால் உடைந்த மனிதனுக்கு...’ (சரி, இவனோடு போகலாம்.)

2

கால் உடைந்த மனிதன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோகும் லிஃப்டுகளை ஓடவைப்பது அவன் வேலை. லிஃப்ட் கூண்டுக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் இறங்கும் இரும்பு ஏணியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தான். இல்லை. கணுக்கால் போயிற்று. மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்தக் காலை எக்ஸ்ரே எடுத்தவர் அவன் மனைவி. ஆஸ்பத்திரியில் அதுதான் அவர் வேலை. பழக்கதோஷத்தில் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று கணவனிடமும் சொல்ல, “கணுக்காலுக்கு எதுக்கு மூச்சைப் பிடிக்கணும்?” என்று அவன் கேட்க, அந்த வலியிலும் இரண்டு பேரும் சிரித்தார்கள். இதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். பின்னால் நடப்பதை வைத்து இது மோசமான கல்யாணம் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது.

(இலக்கணக் குறிப்பு: இரண்டு பேருக்கும் ‘அவர்’ போட்டால் யார் எதைச் செய்தார் என்று எனக்கே குழம்பும். அதனால் நாவல் எழுதியவருக்கு ‘அவர்’, கணவனுக்கு ‘அவன்’. வீட்டுக்குள் அவர்கள் நேர்மாறாகத்தான் பேசிக்கொள்வார்கள். அதில் நான் தலையிடவில்லை.)

ஆமாம், எக்ஸ்ரேக்காரர் சில வருடங்களாக ஒரு நாவல் எழுதிவந்தார். ராஜாக்கள், மந்திரவாதிகள், முடிவே இல்லாத ஒரு சண்டை. வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், சமையலறை மேஜையில் காய்கறியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு எழுதியது. ஒருவழியாக ஒரு பதிப்பாளர் சம்மதித்தார்.

“எல்லாம் நல்லா இருக்கு மேடம்” என்றார் பதிப்பாளர் போனில். “முதல் பக்கத்துல ஒரு மேப் மட்டும் வேணும். மேப் இல்லேன்னா மாயாஜாலக் கதைன்னு யாரும் நம்ப மாட்டாங்க. குடும்பக் கதைன்னு நினைச்சுத் திருப்பி வெச்சிடுவாங்க.”

“மேப்புக்கு நான் எங்க போவேன்?” என்றார் எக்ஸ்ரேக்காரர், போனை வைத்துவிட்டு.

“நான் போடறேன்” என்றது சோபாவிலிருந்து ஒரு குரல். கால் ஸ்டூல் மேல் இருந்தது.

“நீங்களா?”

“ஏன், லிஃப்டுக்கு வயரிங் படம் பார்க்கத் தெரியுது. இதுவும் படம்தானே.”

“அதுல மேல, கீழ மட்டும்தான். இதுல கிழக்கு மேற்கெல்லாம் இருக்கு.” சொல்லிவிட்டார், ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. “அதுவும் நல்லதுதான். நீங்கதான் முழுசாப் படிச்சிருக்கீங்க. வேற யாராயிருந்தாலும் முதல்லேருந்து கதை சொல்லிட்டு உட்காரணும்.”

அவன் சிரிப்பு பாதி வழியில் நின்றது. (லிஃப்ட் உவமை ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொள்வதாக இருந்தேன். முடியவில்லை.)

3

வீடியோவில் பேசியவரை அவன் வாத்தியார் என்று கூப்பிட ஆரம்பித்தான். எந்தக் கஷ்டமான இடம் வந்தாலும் வாத்தியார் “அவ்வளவுதான், ரொம்ப சுலபம்” என்பார். அப்போதெல்லாம் அவன் வீடியோவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

வெள்ளைத் தாள் ஒன்றைத் திறந்து ‘மேகங்கள்’ என்ற ஃபில்டரை அழுத்தச் சொன்னார். சாம்பல் நிறத்தில் புகை கிளம்பியது. அதைக் கறுப்பு வேறு, வெள்ளை வேறாகப் பிரிக்கச் சொன்னார். வெள்ளை நிலம், கறுப்பு கடல். கண்டம் வந்துவிட்டதா என்றார். வந்தது, தவளை மாதிரி. மறுபடி அழுத்தினான். இந்தத் தடவை அவனுடைய சூப்பர்வைசர் பக்கவாட்டில் நிற்பது போல ஒரு கண்டம். மரியாதையோடு அழித்தான். மூன்றாவது யார் மாதிரியும் இல்லை, அதனால் வைத்துக்கொண்டான்.

ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில் வரையுங்கள், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல என்று வாத்தியார் சொன்ன நேரத்தில் அவன் மாவுக்கட்டுக்குள் ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தான். ஆகவே நிலம், மலை, ஆறு, காடு எல்லாம் ஒரே லேயர். பிடிக்காத ஒரு மலையை அழித்தான். மலையோடு நிலமும் போய், அடியில் சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்கள் தெரிந்தன. உலகத்துக்கு அடியில் கட்டம் போட்டிருக்கிறது என்பது அவனுக்குப் புதுச் செய்தி.

ஆறு மலையில் பிறந்து கடலில் சேர வேண்டும் என்றார் வாத்தியார். அவன் போட்ட ஆறு ஒரு கடலில் கிளம்பி, மலையேறி, அந்தப் பக்கத்துக் கடலில் இறங்கியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான்.

“மோட்டார் வெச்சா ஏறும்” என்று முணுமுணுத்துக்கொண்டே திருத்தினான்.

(அவனைக் கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஆறு என்னுடையது. நான் திருத்தவும் இல்லை.)

பிறகு வாத்தியார் சொன்னார்: “இப்போது உங்கள் ஊர்களை வையுங்கள்.”

அவன் கை அங்கே நின்றது.

4

இங்கேதான் எனக்கு இந்த ஆள் மேல் சந்தேகம் வந்தது. மனைவி வருடக்கணக்கில் ஒரு நாவல் எழுதுகிறார். ஒவ்வொரு அத்தியாயமும் பிரிண்ட் ஆகி இவன் கைக்கு வருகிறது. இவன் படிக்கவில்லை. நம்ப முடிகிறதா? எழுதுகிறவரைக் கட்டிக்கொண்ட நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் உடனே மழை வருமா என்று பேச ஆரம்பித்தார். நம்பலாம் என்று தெரிந்துகொண்டேன்.

சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் முதல் பக்கத்தைப் படித்திருந்தான். அதில் ஒரு கோட்டைக் காவலன் வருகிறான். நேரம் கழித்து வீட்டுக்கு வருவான், தலை நிமிராமல் சாப்பிடுவான், கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்வான். லிஃப்ட்காரன் தாளை மடித்து வைத்துவிட்டான். இரண்டாம் பக்கத்தில் அந்தக் காவலனைப் பற்றி அவன் பெண்டாட்டி என்ன நினைக்கிறாள் என்று எழுதியிருந்தால்? அதைத் தெரிந்துகொள்ளும் தைரியம் அவனுக்கு இல்லை.

அதற்குப் பதில் அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான்.

“அந்த இடம் ரொம்ப நல்லா வந்திருக்கு” என்பான்.

“எந்த இடம்?”

“அதான், அந்த இடம்.”

“அதுவா? எனக்கும் அதுதாங்க பிடிச்சது” என்பார் எக்ஸ்ரேக்காரர்.

இப்போது ஊர்ப்பெயர்களுக்காகத் தாள்களைச் சும்மா புரட்டினான். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. ஓடுகிற ஓட்டத்தில் எது ஊர், எது ஆள் என்று யாருக்குத் தெரியும்? கண்ணில் பட்டதை எல்லாம் இடம் பார்த்து வைத்தான்.

5

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் எக்ஸ்ரேக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். பழைய தோல் சுருள் போல ஓரம் எல்லாம் கருகிய மஞ்சளில் ஒரு நாடு. எக்ஸ்ரே ஃபிலிமைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். முதலில் மொத்தமாக, பிறகு மூலை மூலையாக.

“அழகா இருக்குங்க” என்றார். நிஜமாகவே சொன்னார். பிறகு விரல் ஓர் இடத்தில் நின்றது. “இந்தச் சதுப்பு நிலத்துக்கு ஏன் மகாராணி பேரு?”

“அது... ஒரு மரியாதைக்கு.”

“தலைநகரம் எங்க?”

நீலத்துக்கு நடுவில் ஒரு புள்ளியைக் காட்டினான். “தீவு மாதிரி வெச்சேன்.”

“அங்க எல்லாரும் குதிரையில போறாங்களே.”

“குதிரை நீந்தாதா?”

அவர் கொஞ்சம் சிரித்தார். விரல் நகர்ந்து ஆற்றுக்கு வந்தது. இரண்டு கரையிலும் இரண்டு நகரங்கள். நடுவில் ஒரு பாலம். அந்தப் படத்திலேயே அவன் உயிரைக் கொடுத்து வரைந்தது அதுதான். ஒவ்வொரு தூணுக்கும் நிழல்கூடப் போட்டிருந்தான்.

“இது என்ன?”

“பாலம்.”

“எதுக்கு வெச்சீங்க?”

“ரெண்டு பக்கமும் ஊர் இருக்கே. ஜனங்க எப்படிப் போவாங்க வருவாங்க?”

எக்ஸ்ரேக்காரர் கையைத் திரையிலிருந்து எடுத்தார். “அந்த ஆத்துல பாலம் கிடையாது. கட்டினா மறுநாள் இருக்காது. அதனாலதான் அந்தக் கரையில இருக்கறவங்க எப்படிப்பட்டவங்கன்னே இவங்களுக்குத் தெரியாது. அதனாலதான் சண்டை. நாவலே அதுதாங்க.”

அவன் பாலத்தின் தூண்களை எண்ணுவது போலத் திரையைப் பார்த்தான்.

“நீங்க படிக்கவே இல்ல” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

“முதல் பக்கம் படிச்சேன்.”

6

‘அவர் லேப்டாப்பைப் படீரென்று மூடி...’ (மூடவில்லை.)

‘கண்களில் நீர்...’ (வரவில்லை. வந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.)

நடந்தது இதுதான். “பரவால்ல. எந்த ஊர் எங்க வரும்னு நான் சொல்லிடறேன். அதைக் கேட்டுட்டு மாத்திடுங்க” என்றார். நோயாளிகளிடம், ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும் என்று சொல்கிற அதே குரல். கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். பரவாயில்லை என்றால் என்ன செய்வது? பாலத்தை அழிக்கப் பார்த்தான். பாலத்தோடு ஆறும் போய், இரண்டு கரையும் போயிற்று. சாஃப்ட்வேரை மூடினான். ஊன்றுகோலை எடுத்து, அலமாரிவரை நொண்டிப் போய், மேல் தட்டிலிருந்த தாள் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினான். இரண்டு தடவை கீழே விழப் பார்த்தான்.

சாயங்காலம் எக்ஸ்ரேக்காரர், “சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

“வேணாம்மா. நானே பாத்துக்கறேன்.”

7

கோட்டைக் காவலன் மூன்றாம் பக்கத்தில் அம்பு பட்டுச் செத்துப்போனான். அவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்ட்காரனுக்குப் பெரிய நிம்மதி. அப்புறம் வேறு இடங்களில் தன்னைத் தேடினான். கொடுங்கோல் ராஜாவா? இல்லை. தூங்குமூஞ்சி மந்திரவாதியா? அவனும் இல்லை. அவ்வளவு பெரிய நாவல், ஊர்ப்பட்ட ஜனங்கள், தான் மட்டும் எங்குமே இல்லை. நிம்மதி போய், கொஞ்சம் வருத்தமாக இருந்தது. கூடவே குடித்தனம் நடத்துகிறவனுக்கு ஒரு குதிரைக்காரன் வேஷம்கூடவா கிடைக்காது?

கொஞ்ச தூரம் போனதும் தேடுவதையே மறந்துவிட்டான். படித்தான், வரைந்தான். இந்தத் தடவை மேகங்களை அழுத்தவில்லை. கடற்கரையைக் கையாலேயே போட்டான். கோடு நடுங்கியது, ஆனால் தலைநகரம் தரையில் இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று. படிக்கிற மனிதனைப் போல உபயோகமில்லாத கதாபாத்திரம் கிடையாது. அசைய மாட்டான், பேச மாட்டான். அந்த இடைவெளியில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். புத்தகம் வந்து, சமர்ப்பணத்தில் ‘என் கணவருக்கு’ என்று இருக்கிறது. (எதற்காக? தலைநகரத்தை மூழ்கடித்ததற்கா?) பதிப்பாளர் வரைபடத்தைப் பார்த்து அசந்துபோகிறார். (நானே நம்பவில்லை.) நாவல் படு மோசம் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால்... (இதை எழுதிவிட்டு எக்ஸ்ரேக்காரரின் முகத்தில் எப்படி விழிப்பேன்?)

8

ஒரு மாலை எக்ஸ்ரேக்காரர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினார். அவன் மடியில் கடைசித் தாள் கவிழ்ந்து கிடந்தது. திரையில் புது வரைபடம். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“எப்படி இருக்கு?” என்றார்.

‘நல்லா இருக்கு’ என்று எழுதி அடித்தேன். அந்த வார்த்தையை அவன் ஏற்கெனவே செலவழித்துத் தீர்த்துவிட்டான். ‘நடுவுல கொஞ்சம் இழுவை’ என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் எனக்குப் பயம். ‘என்னை மன்னிச்சிடு’ என்று எழுதினேன். அவர் கேட்டது அதை இல்லை.

அவன் சொன்னது வேறு.

“நடுவுல ஒரே ஒரு அத்தியாயத்துல ஒரு படகுக்காரி வர்றாளே. ரெண்டு ராஜாவுக்கும் தெரியாம ஆளுங்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடறவ. வெள்ளம் வந்தப்புறம் அவளைப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலையே. என்ன ஆனா அவ?”

எக்ஸ்ரேக்காரர் தோளில் பையோடு நின்றார்.

“அதை யாருமே கேக்கலங்க” என்றார் மெதுவாக. “பதிப்பாளர்கூடக் கேக்கல.”

ஸ்டூல் மேலிருந்த மாவுக்கட்டை இரண்டு கையாலும் ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, மிச்ச இடத்தில் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தார்.

என்ன சொன்னார் என்று இங்கே எழுதப் பல தடவை முயன்றேன். வரவில்லை. அந்த நாவலை முழுசாகப் படித்தவன் லிஃப்ட்காரன், நான் இல்லை. வெள்ளம் கரை புரண்டு வருகிறது. ஒரு படகு. இரண்டு கரையிலும் அவளைத் தேடிக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் துடுப்பை எந்தப் பக்கம் போட்டாள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். எக்ஸ்ரேக்காரர் தோள் பையைக்கூட இன்னும் இறக்கிவைக்கவில்லை.