மைக்செட் டீச்சர்

என்னிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் அரவேணு பஸ் ஸ்டாப்பில் மைக்செட் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. பதினேழு வருஷமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். அதைவிடச் சிரத்தையாக ஊர்க்கதை பேசியிருக்கிறேன். எந்தப் பிள்ளை பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்கிறது, எந்தப் பிள்ளையின் அப்பா ஃபேக்டரியில் சண்டை போட்டார், எல்லாமே மத்தியானச் சாப்பாட்டுக்குள் எச்.எம். பெட்டி மேடத்தின் காதுக்குப் போய்விடும். பிள்ளைகள் எனக்கு 'மைக்செட்' என்று பேர் வைத்திருந்தார்கள். பிரிஸில்லா என்கிற பேர் ரெஜிஸ்டரில் மட்டும்தான் இருந்தது. ரகசியம் சொல்ல வேண்டியவர்கள் கணக்கு டீச்சர் ஷைனாவிடம் போவார்கள். அவளிடம் போன விஷயம் கிணற்றில் போட்ட கல்தான்.

அப்படிப்பட்ட என்னைப் பிடித்து ஸ்கூல் கவுன்சலிங் படிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆலோசகர் வேண்டும், வெளியிலிருந்து ஆள் எடுக்க மேனேஜ்மென்ட்டுக்கு மனசில்லை, உள்ளே இருக்கிறவர்களில் யாராவது ஆன்லைனில் முதுகலை முடித்தால் போதும் என்றார்கள். ஷைனாவுக்குக் கைக்குழந்தை. மிச்சம் இருந்தது நான்.

"பாலுக்குப் பூனையைக் காவல் வெச்ச கதையாட்ட இருக்குது" என்று என் வீட்டுக்காரர் ஜெர்சன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. படித்துக் காட்டுகிறேன் பார் என்று அன்றைக்கே விண்ணப்பத்தைப் போட்டேன்.

இரண்டு வருஷப் படிப்பு. சனி ஞாயிறு ஆன்லைனில் நேரலை வகுப்பு, மற்ற நாளில் வீடியோ பாடம். ஒரு வீடியோ ஓடி முடிந்தால் அதன் பக்கத்தில் உள்ள கோடு பச்சையாகும். எல்லாக் கோடும் பச்சையானால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். நான் அந்தப் பச்சைக்காகப் படித்தவள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசைவேன், அது பாட்டுக்கு ஓடும்.

'ரகசியம் காத்தல்' பாடத்தை மட்டும் உட்கார்ந்து கேட்டேன். நாற்பது நிமிடப் பாடம். பிள்ளை நம்பிச் சொன்னதை வெளியே விடுகிறவர் ஆலோசகராக இருக்கவே தகுதியில்லாதவர் என்று ஆரம்பித்தார்கள். என்னைத் திட்டுவதற்கென்றே எடுத்தது போலிருந்தது. எத்தனை பிள்ளைகளின் கதையை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. அழுதும் விட்டேன். இருபத்தைந்தாவது நிமிடத்தில் எழுந்து, மூக்கைச் சிந்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். மீதிப் பதினைந்து நிமிடம் குக்கர் சத்தத்தில் போயிற்று. கோடு பச்சையாகிவிட்டது.

கடைசி செமஸ்டரில் ஒரு கேஸ் எழுத வேண்டும். ஒரே பிள்ளையோடு பத்து அமர்வு உட்கார்ந்து பேசி, ஒவ்வொன்றையும் எழுதி, கைடு காயத்ரி மேடத்துக்கு அனுப்ப வேண்டும். பேர், ஊர், அடையாளம் எதுவும் எழுதக் கூடாது. காயத்ரி மேடத்தை நான் போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன். யாரைப் பிடித்துப் பத்து அமர்வு உட்கார வைப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது மனிஷா தானாக வந்தாள்.

ஒன்பதாவது 'பி'. அப்பா லிங்கசாமி எஸ்டேட்டில் பிக்கப் ஓட்டுகிறார், அம்மா அங்கம்மா இலை பறிக்கிறார். ஜனவரி மாதம், வியாழக்கிழமை, ஆறாவது பீரியட். தேசப்படங்களைச் சுருட்டி வைக்கும் சின்ன அறையில் நான் தனியாக இருந்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"டீச்சர், எனக்கு மே மாசம் கல்யாணம் பண்றாங்க. சிறுமுகை மாமாவுக்கு."

அவளுக்குப் பதினாலு வயது. மாமாவுக்கு இருபத்தெட்டு, வாழைத்தோட்டம் இருக்கிறது. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யார்கிட்டயும் சொல்லீராதீங்க டீச்சர்."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பதற்றமில்லை, பெருமை. எழுதவே கூசுகிறது, ஆனாலும் அதுதான் நிஜம். ஷைனாவைத் தாண்டி என்னிடம் வந்திருக்கிறாள்! என் முகத்தில் ஏதோ மாறியிருக்கிறது, படிப்பு வேலை செய்கிறது என்று நினைத்தேன். "உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

சட்டம் தெரியாதா எனக்கு? பெண்ணின் திருமண வயதைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவளே நான்தான். குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணை வராந்தாச் சுவரில் ஒட்டியதும் நான்தான். ஆனால் மே மாசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, பத்து அமர்வு முடிவதற்குள் அவளே தைரியம் வந்து அம்மாவிடம் பேசிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. வெளியே சொன்னால் விஷயம் எச்.எம். கைக்குப் போய்விடும், என் கேஸ் பாதியில் நின்றுவிடும். அதுவும் மனசில் இருந்தது.

வியாழன்தோறும் வந்தாள். பாடத்தில் சொன்ன மாதிரியே பேசினேன். அவள் சொல்வதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும், அறிவுரை கூடாது, அவசரப்படுத்தக் கூடாது.

"அப்ப உனக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பமில்ல, மனசு கஷ்டமா இருக்குது. இல்லையா?"

"ஆமாங்க டீச்சர். அதத்தானே போன வாரமும் சொன்னேன்."

'கிளையண்ட் தன் உணர்வை அடையாளம் காண்கிறார்' என்று எழுதி அனுப்பினேன். காயத்ரி மேடத்துக்குக் 'குடும்பச் சிக்கல்' என்று மட்டும்தான் தெரியும். 'நல்ல முன்னேற்றம்' என்று பதில் வந்தது.

ஆறாவது அமர்வு பிப்ரவரிக் கடைசியில். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூடி, எதிரே இருந்த தேயிலைச் சரிவு கண்ணுக்குத் தெரியவில்லை. பெல் அடிக்கப் போகிற நேரத்தில் மனிஷா நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், நீங்க நெசமாவே யார்கிட்டயும் சொல்லலீங்களா?"

"ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது கண்ணு" என்றேன். "எச்.எம். கிட்டகூட வாயத் தொறக்கல."

அவள் தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். 'கிளையண்ட் அமைதி அடைந்தார். நம்பிக்கை உறுதிப்பட்டது' என்று எழுதினேன்.

மார்ச் முதல் வியாழக்கிழமை அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. அப்பா போன் சுவிட்ச் ஆஃப். சனிக்கிழமை ஆன்லைன் வகுப்பை விட்டுவிட்டு எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு மாரப்பன் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"மனிஷா கல்யாணத்துக்கு எல்லாரும் காரமடை போயிட்டாங்களே! வியாழக்கிழமையே கோயில்ல முடிஞ்சுதுங்க. மாப்பிள்ளையோட அப்பாவுக்கு நெஞ்சுவலி, கண்ணு மூடறதுக்குள்ள பாக்கோணும்னுட்டாராம். ஊர்க்கதையெல்லாம் தெரிஞ்ச உங்களுக்கே தெரியாதுங்களா டீச்சர்?"

அங்கிருந்தே எச்.எம்.முக்குப் போன் செய்தேன். அவர் 1098-க்குப் பேசினார். திங்கட்கிழமை அதிகாரிகள் சிறுமுகைக்குப் போனார்கள். கல்யாணம் நடக்கவில்லை, நிச்சயம்தான் நடந்தது, பிள்ளை விருந்தாடி வந்திருக்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். கோயிலில் எந்த ரசீதும் இல்லை. மனிஷாவிடம் கேட்டதற்கு அவளும் அதையே சொல்லிவிட்டாள். அதிகாரிகள் அதை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பெட்டி மேடம் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஒண்ணுமில்லாத கதையெல்லாம் எங்கிட்ட வந்து சொல்லுவீங்களே பிரிஸில்லா. இதை மட்டும் ஏன் சொல்லல?"

"ரகசியம்னு சொன்னா மேடம்" என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

அன்றைக்குத்தான் அந்த வீடியோவின் மீதிப் பதினைந்து நிமிடத்தைப் பார்த்தேன். பிள்ளைக்கு ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது, முதல் நாளே அதைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்று பாடம் எடுத்த அம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மறுபடி ஓட விட்டேன். மறுபடியும்.

கேஸில் ஆறு அமர்வு இருந்தது, இன்னும் நாலு வேண்டும். புதுப் பிள்ளையைப் பிடிக்க நேரமில்லை, ஒரு செமஸ்டர் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாலையும் நானே எழுதினேன். ஏழாவதில் அவள் அம்மாவிடம் பேசுகிறாள். எட்டாவதில் அம்மா அழுகிறார். ஒன்பதாவதில் அப்பா, "படிக்கட்டும்" என்கிறார். பத்தாவதில் மனிஷா எனக்கு நன்றி சொல்லி விடைபெறுகிறாள். எழுத எழுத எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது. முடித்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். காயத்ரி மேடம் 'மிகச் சிறந்த விளைவு' என்று எழுதியிருந்தார்.

வாய்மொழித் தேர்வில் திரையில் மூன்று முகங்கள். ரகசியத்தை எப்போது வெளியே சொல்லலாம் என்று கேட்டார்கள். ஒரு வரி பிசகாமல் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள்?"

"பத்தாவது படிக்கிறாள் மேடம்."

முதல் வகுப்பு. சர்ட்டிஃபிகேட் ஆகஸ்டில் தபாலில் வந்தது. ஜெர்சன் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார், நான் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். தேசப்படங்களை வெளியே எடுத்துவிட்டு அந்த அறைக்கே 'ஆலோசனை அறை' என்று போர்டு போட்டார்கள். இப்போதெல்லாம் நான் ஸ்டாஃப் ரூமில் வாயைத் திறப்பதில்லை. கவுன்சலிங் படித்து டீச்சர் திருந்திவிட்டார் என்கிறார்கள்.

நவம்பரில் ஒரு சாயங்காலம், மூன்று நாளாக விடாத மழை. அரவேணு பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நின்றபோது, "டீச்சர்" என்று ஒரு குரல். மனிஷா. சேலை கட்டி, மேலே ஆண்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது. அம்மாவைப் பார்க்க வந்துவிட்டுச் சிறுமுகைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்? படிப்பு முடிஞ்சுதுங்களா?"

முடிந்தது என்றேன். இத்தனை நாள் அவளிடம் சொல்ல வேண்டும் என்று சுமந்தது ஒன்று இருந்தது.

"நீ யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்ன. அதனாலதான் கண்ணு நான் சொல்லல. தப்புப் பண்ணீட்டேன்."

அவள் கோபப்படவில்லை. ரொம்ப நாள் முன்னால் வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"ஷைனா டீச்சர்கிட்டப் போலாம்னுதான் மொதல்ல நெனச்சேன் டீச்சர். அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்கல்லோ. நீங்கன்னா எப்படியும் எச்.எம். கிட்டச் சொல்லிப்போடுவீங்க. நான் சொன்னதா ஊட்டுக்கும் தெரியாது. அதான் உங்ககிட்ட வந்தேன்."

மேட்டுப்பாளையம் பஸ் வளைவில் திரும்பி வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமையானா, இன்னைக்கு ஊட்டு முன்னால ஆபீசருங்க ஜீப் நிக்கும்னு பாத்துட்டே போவேன் டீச்சர்."

படி உயரமாக இருந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.